போர் போடும் முன் நீரோட்டம் பார்க்கும் சேவை: காசு கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய சான்று

தோவாளை முதல் விளவங்கோடு வரை குமரி மாவட்டத்தின் எந்த மூலையிலும், வீட்டுமனையிலோ விளையிலோ (தோட்டத்திலோ) போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போட முடிவானதும் பலர் முதலில் தேடுவது நீரோட்டம் பார்க்கிறவரைத்தான். போர் வண்டிக்காரரே ஒருவரைக் கைகாட்டிவிடுவதும் உண்டு. இங்கே மதிப்பிடுவது தனி ஆள் யாரையும் அல்ல, இந்தச் சேவை பொதுவாக நடக்கும் விதத்தை. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வருகிறவருக்கு ஊரின் மண்ணும் கிணறும் தெரியும் என்றால் அந்த அறிவுக்குக் காசு கொடுக்கலாம். கோலுக்கும் தேங்காய்க்கும் சங்கிலிக்கும் கொடுப்பதற்கு இதுவரை தகுந்த சான்று இல்லை. சான்று காட்ட வேண்டியவர் அவர். "பலிக்காதுன்னு நீங்க நிரூபியுங்க பார்ப்போம்" என்று பதில் வந்தால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

வருகிறவர் கையில் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று இருக்கும்: கவட்டைக் குச்சி, எல் வடிவில் வளைத்த இரண்டு பித்தளை அல்லது செம்புக் கம்பி, சங்கிலியில் தொங்கும் குண்டு, உள்ளங்கையில் படுக்கவைத்த தேங்காய். ஊற்று இருக்கும் இடத்துக்கு வந்ததும் குச்சி தாழும், கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும், குண்டு சுற்றும், தேங்காய் எழுந்து நிற்கும். எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வைத்துத் தொடங்குகிறவர் உண்டு, ஜெபித்துத் தொடங்குகிறவரும் உண்டு. கடைசியில் ஒரு கல்லை நட்டு, "180 அடியில ஒரு ஊற்று, 240-ல இன்னொண்ணு, ரெண்டு இஞ்ச் தண்ணி" என்று சொல்லிவிட்டுப் போவார். எழுத்தில் ஒன்றும் தருவதில்லை. இந்தச் சேவையின் முதல் குறை அதுதான், மற்ற எல்லாக் குறைகளும் அதிலிருந்தே வருகின்றன.

கருவி அசைவது உண்மை. ஏமாற்றுவதற்காக ஆட்டுகிறார் என்று நினைக்க வேண்டியதில்லை. பெரும்பாலோர் முழு நம்பிக்கையோடுதான் நடக்கிறார்கள். ஆனால் அசைப்பது தண்ணீரா என்பதுதான் கேள்வி. எல் கம்பியின் கைப்பிடி சற்றே முன்னோ உள்ளோ சாய்ந்தால் போதும், நீண்ட பக்கம் தன் எடையிலேயே திரும்பிவிடும். கவட்டைக் குச்சியை இரு கையாலும் விரித்து இறுக்கிப் பிடிக்கும்போது அது வில்லாக வளைந்து நிற்கிறது. மணிக்கட்டு இம்மியளவு திரும்பினாலும் படக்கென்று தாழும். உள்ளங்கைத் தேங்காயும் அப்படித்தான், விரல்களின் மிகச் சிறிய அழுத்தத்துக்கே புரளும். மனம் எதிர்பார்க்கும் திசையில் தசை தானே இப்படி அசையும், அசைக்கிறோம் என்ற உணர்வே வராது. தொங்கு குண்டை வைத்துப் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1833-லும், ஆவிக் கூட்டங்களில் நகரும் மேசைகளை வைத்து விஞ்ஞானி பாரடே 1853-லும் இதைச் சோதித்துக் காட்டினார்கள். இடையில் 1852-ல் கார்ப்பென்டர் என்ற மருத்துவர் இதற்கு ஒரு பெயரும் வைத்தார். அதனால் தேங்காய் எழுந்து நின்றது என்பதை மட்டும் வைத்துக் கீழே ஊற்று உண்டு என்று சொல்ல முடியாது. ஊற்று இல்லாத இடத்திலும், இருக்கிறது என்று அவர் நம்பினால் அது எழும்.

"அவர் சொன்ன இடத்துல தண்ணி வந்துச்சே" என்பதுதான் இந்தச் சேவைக்குக் கிடைக்கும் பெரிய நற்சான்று. குமரி மாவட்டத்தில் இந்த வாக்கியத்துக்கு எடை குறைவு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நனைக்கும் மாவட்டம் இது. கோதையாறும் பரளியாறும் பழையாறும் வள்ளியாறும், ஊர்தோறும் குளங்களும், பேச்சிப்பாறை பெருஞ்சாணி அணைகளிலிருந்து பிரியும் சானல்களும் மண்ணுக்குள் நீரை இறக்கிக்கொண்டே இருக்கின்றன. மேலே செம்மண், சில இடங்களில் வெட்டுக்கல், அதன்கீழே நைந்த பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. நைந்த பாறை தடிமனாக இருக்கும் பள்ளப் பகுதிகளில், வயல் ஓரத்தில், குளத்தின் கீழ்ப்புறத்தில் எங்கே துளைத்தாலும் ஓரளவு நீர் கிடைக்க வாய்ப்பு அதிகம். பொற்றை என்னும் சிறு குன்றின் மேல், பாறை வெளியே தெரியும் மேட்டில், மழை குறைவான அகஸ்தீஸ்வரத்தின் கிழக்குப் பக்கத்தில் நிலைமை வேறு. அங்கே கெட்டிப் பாறையில் விரிசல் அகப்பட்டால் உண்டு, இல்லாவிட்டால் வண்டி புகையைத்தான், அதாவது காய்ந்த பாறைத் தூளைத்தான், கக்கும்.

ஆகவே ஒருவரின் திறமையை அளக்க நான்கு எண்கள் வேண்டும். அவர் பார்த்து நீர் வந்தவை, பார்த்தும் வராதவை, யாருமே பார்க்காமல் போட்டு நீர் வந்தவை, அப்படிப் போட்டு வராதவை. ஊரில் சொல்லப்படுவது முதல் எண் மட்டும். ஒரு தெருவில் யாரும் பார்க்காமல் போட்ட பத்துப் போரில் ஒன்பதில் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தெருவில் பத்துக்கு ஒன்பது காட்டிக்கொடுத்தவர் கூடுதலாக எதையும் காட்டவில்லை. மேட்டுப்பாறை ஊரில் பத்துக்கு மூன்றுதான் பலிக்கும் என்றிருக்க, ஒருவர் எட்டைக் காட்டினால் அது கவனிக்க வேண்டிய சங்கதி. போர் வண்டிக்காரரிடம் கேட்டால் இரண்டாவது, நான்காவது எண்ணும் ஓரளவு கிடைக்கும். அவர் நோட்டில் ஆழமும் கேசிங் (துளை இடியாமல் இறக்கும் குழாய்) நீளமும் இருக்கும், பில் போட அவை வேண்டும்.

இந்தக் கணக்கு நமக்கு வெளியிலிருந்து வந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். மணிமேகலையில் சமயக்கணக்கர் பேசும் காதையை ஒருமுறை படித்தால் அந்த எண்ணம் போய்விடும். அளவைவாதி, அதாவது அறியும் வழிகளை வைத்து வாதிடுபவன், அங்கே அந்த வழிகளை வரிசைப்படுத்துகிறான். வியாசன் பத்து, கிருதகோடி எட்டு, சைமினி ஆறு என்று ஆசிரியர்கள் கொண்ட எண்ணிக்கையையும் சொல்கிறான். பத்தில் ஒன்று ஐதிகம்: இந்த மரத்தில் பேய் உண்டு என்று உலகத்தார் சொல்வதை வைத்து அப்படியே தெளிவது. பத்தில் இன்னொன்று அபாவம்: ஒரு பொருள் ஓரிடத்தில் இல்லை என்று அறிவது. பிறகு, இக்காலத்தில் வழங்குபவை என்று ஆறைத் தனியே எடுத்துச் சொல்லும்போது ஐதிகம் அந்தப் பட்டியலில் இல்லை, அபாவம் இருக்கிறது. ஊர் வாயில் மட்டும் வாழும் சான்று தள்ளப்படுகிறது. இல்லாமையை அறிவதும் அறிவு என்று ஏற்கப்படுகிறது. வேதத்துக்குப் பொருள் காணும் மீமாம்சைத் தத்துவத்தில் குமாரிலர் என்ற ஆசிரியரின் மரபு இதற்கு ஒரு நிபந்தனையும் வைத்தது. இருந்திருந்தால் தெரிந்திருக்க வேண்டிய இடத்தில் தெரியாவிட்டால்தான் இல்லை என்று முடிவு கட்டலாம். வெளிச்சமான முற்றத்தில் குடம் காணப்படாவிட்டால் குடம் இல்லை, இருட்டறையில் காணப்படாவிட்டால் ஒன்றும் சொல்வதற்கில்லை. 180 அடியில் ஊற்று என்றவர் காட்டிய இடத்தில் 200 அடி வரை புகை மட்டும் வந்தால் அது வெளிச்சமான முற்றம்.

உலகில் நடந்த பெரிய சோதனைகளில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் காசல் நகரில் 1990-ல் நடந்த சோதனையில் நீரோட்டம் பார்க்கும் முப்பது பேர் கலந்துகொண்டார்கள். 50 சென்டிமீட்டர் ஆழத்தில் பிளாஸ்டிக் குழாய் புதைத்து, அதில் தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்று சொல்லச் சொன்னார்கள். சோதனை முறை நியாயமானது என்று அவர்கள் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தார்கள். முடிவு குருட்டாம்போக்கில் சொல்வதைவிட மேலாக வரவில்லை. அதற்கு முன் 1987, 88-ல் மியூனிக்கில் சுமார் 500 பேரிலிருந்து 43 பேரைப் பொறுக்கி 843 முறை சோதித்தார்கள். சிலருக்கு உண்மையான திறன் இருக்கிறது என்று நடத்தியவர்களே அறிவித்தார்கள். அந்தத் தரவை 1999-ல் மறுபடி ஆராய்ந்த என்ரைட் என்ற ஆய்வாளர், சிறந்தவர்கள் என்று காட்டப்பட்டவர்களாலேயே தங்கள் வெற்றியைத் திரும்பச் செய்ய முடியவில்லை என்று காட்டினார். நூற்றுக்கணக்கான முயற்சிகளில் சில நன்றாக அமைவது எதிர்பார்க்கக் கூடியதுதான். அதே ஆள் மறுநாளும் அப்படியே செய்தால்தான் அது திறன்.

உங்கள் மனையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது, போர் செலவில் அது ஒரு துளி. பத்து சென்ட் மனை என்றால் தோராயமாக 20 மீட்டருக்கு 20 மீட்டர். இரண்டு மீட்டர் கட்டங்களாகக் கயிறு கட்டினால் நூறு கட்டம் வரும், காகிதத்தில் எண் போட்டுக்கொள்ளுங்கள். முதலாமவரை ஒரே ஓர் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். எண்ணைக் குறித்துவிட்டு நட்ட கல்லை எடுத்து, காலடித் தடத்தையும் கலைத்துவிட வேண்டும். அடுத்த நாள் இரண்டாமவர், முதலாமவர் யார் என்றே தெரியாமல் வரட்டும். தற்செயலாக இரண்டு பேரும் ஒரே கட்டத்தைச் சொல்ல வாய்ப்பு நூற்றில் ஒன்று, ஒட்டியிருக்கும் கட்டங்களையும் சேர்த்தால் அதிகபட்சம் நூற்றில் ஒன்பது. கீழே ஓடுவது ஒரே ஊற்றுதான், இருவருக்கும் அது தெரிகிறது என்றால், இடமும் ஒன்றாக வர வேண்டும்.

ஒத்துவந்தாலும் அவசரப்பட வேண்டாம். பச்சை மாறாத மரம், கரையான் புற்று, மனையின் தாழ்ந்த மூலை, பக்கத்து வீட்டுக் கிணறு இவை இருவர் கண்ணிலும் படும். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை நிலத்தடி நீருக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கி, மரத்தையும் புற்றையும் அடையாளமாகச் சொல்கிறது. அது கண்ணால் பார்த்துக் கற்ற அறிவு, கோல் தேவையில்லை. கோலின் பங்கு எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் கண்ணைக் கட்டி, வேறு வழியாகச் சுற்றி அழைத்துவந்து அதே ஆளை மறுபடி நடக்கவிட வேண்டும். தான் காட்டிய கட்டத்தையே அவரால் திரும்பக் காட்ட முடியாவிட்டால் அன்றோடு முடிவு செய்துகொள்ளலாம்.

இன்னும் இறுக்கமாகச் செய்ய நினைக்கும் நூலக வாசகர் வட்டத்துக்கோ பள்ளி அறிவியல் மன்றத்துக்கோ குழாய்ச் சோதனை பொருத்தம். அரை மீட்டர் ஆழத்தில் ஒரு பைப்பை ஒரு நாள் முன்னதாகவே புதைத்து மண்ணைச் சமன் செய்துவிடுங்கள். வால்வு கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தூரத்தில் இருக்கட்டும். வால்வுக்காரர் ஒவ்வொரு சுற்றுக்கும் நாணயம் சுண்டி, தலை விழுந்தால் திறக்கிறார், பூ விழுந்தால் அடைக்கிறார், தன் நோட்டில் எழுதுகிறார். சோதிக்கப்படுகிறவரோடு நிற்பவருக்கும் விடை தெரியக் கூடாது. தெரிந்தால் முகமே காட்டிக்கொடுத்துவிடும். தொடங்கும் முன் தண்ணீரைத் திறந்துவிட்டு, திறந்திருக்கிறது என்று சொல்லியே அவரை நடக்கவிட வேண்டும். கம்பி சரியாக வேலை செய்கிறது, இடத்தில் வேறு இடைஞ்சல் இல்லை என்று அவரே கையெழுத்திட்ட பிறகு பத்துச் சுற்று நடத்துங்கள். இந்த ஒரு படியை விட்டுவிட்டால் பிற்பாடு சாக்குகளுக்கு வாசல் திறந்துவிடும். பத்தும் சரியாக அமைய 1024-ல் ஒரு வாய்ப்பு. ஒன்பதோ அதற்கு மேலோ அமைய 1024-ல் 11. எட்டோ அதற்கு மேலோ என்றால் 1024-ல் 56, அதாவது ஏறத்தாழ பதினெட்டில் ஒன்று. எட்டு சரி என்றதும் கைதட்டுவது அவசரம். வெற்றிக்கு எத்தனை வேண்டும் என்று முன்னாடியே எழுதி வைப்பதும் இதற்காகத்தான்.

தோற்றால் வரும் காரணங்கள் அநேகமாக மூன்று. "இன்னும் அம்பது அடி போயிருந்தா வந்திருக்கும்." "யாரோ தீட்டோட வந்துட்டாங்க." "நம்பிக்கையில்லாம பார்த்தா வராது." முதலாவது உங்கள் பணத்தில் நீள்கிறது, அடிக்கு இவ்வளவு என்று பில் ஏறும். இரண்டாவதையும் மூன்றாவதையும் எந்தத் தோல்விக்கும் ஒட்டிவிடலாம். தீட்டு இல்லாத நாளில், நம்பிக்கையுள்ளவர் முன்னால், எத்தனை அடியில் எவ்வளவு நீர் வராவிட்டால் தன் முறை தவறு என்று அவர் ஒப்புக்கொள்வார்? இதைப் போர் போடுவதற்கு முன்னால் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

நாத்திகம் பற்றிய வாதமும் இந்தக் கல் நட்ட இடத்தில்தான், சான்று காட்ட வேண்டியவர் யார் என்ற கேள்வியில்தான், நிற்கிறது. நம்பாதவரிடம் "கடவுள் இல்லைன்னு உன்னால நிரூபிக்க முடியுமா?" என்று கேட்பது குமரியில் தேவாலய வாசலிலும் கோயில் வாசலிலும் அய்யாவழிப் பதியிலும் பள்ளிவாசல் தெருவிலும் ஒன்றுபோல் கேட்கும் கேள்வி. ஆனால் "உங்கள் கோல் காட்டியதை நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை" என்பதும் "இந்த மனையில் தண்ணீரே இல்லை" என்பதும் வேறு வேறு. முதலாவதைச் சொல்கிறவர் எதையும் நிறுவ வேண்டியதில்லை. இரண்டாவதைச் சொல்கிறவர் நிறுவத்தான் வேண்டும், அவர் பகுத்தறிவாளராக இருந்தாலும் சரி. 1970-களில் ஆன்டனி ஃப்ளூ என்ற தத்துவ அறிஞர் இதை நீதிமன்ற ஒப்பீட்டோடு விளக்கினார்: குற்றம் நிறுவப்படும் வரை ஒருவர் நிரபராதி என்று தொடங்குவதுபோல, இறையிருப்பு நிறுவப்படும் வரை நம்பாமல் இருப்பதே தொடக்க நிலை. பிற்காலத்தில், 2004-ல், அவரே ஒருவகை இறைநம்பிக்கைக்கு மாறினார். சான்று போதும் என்று அவர் கருதினார், சரியா தவறா என்று விவாதிக்கலாம். அதனால் சான்று காட்டும் பாரம் தோள் மாறிவிடவில்லை.

"கடவுள் என்ன குழாயா, வால்வு வைத்துச் சோதிக்க?" என்பது நியாயமான எதிர்க்கேள்வி. தன் நிலத்தில் நீர் வர வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொள்கிற ஒருவர் அடுத்தவரிடம் எதையும் கோரவில்லை. அவர் சான்று காட்ட வேண்டியதும் இல்லை, இந்த மதிப்பீடு அவரைத் தொடுவதும் இல்லை. போர் வண்டிக்குச் சந்தனம் வைப்பதும் அப்படித்தான். வேண்டுதலால் இந்த இடத்தில் இத்தனை அடியில் நீர் வரும், அதை நம்பி நீ பணம் கட்டு என்று சொல்லும்போது அது உலகைப் பற்றிய கூற்றாகிவிடுகிறது. அப்போது கோலுக்குக் கேட்ட அதே கணக்கை அதற்கும் கேட்க வேண்டும். எந்த விளைவும் சொல்லாத, எது நடந்தாலும் பொய்க்காத நம்பிக்கையைச் சோதிக்க முடியாது என்பது உண்மை. அதே காரணத்தால், அதை ஏற்கும்படி இன்னொருவரை வற்புறுத்தவும் முடியாது.

பாரத்தை இடம் மாற்றி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே ஒரு பழைய சாட்சி உண்டு. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் கைமுக்கு என்ற முறை இருந்தது. குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி கொதிக்கும் நெய்யில் கையை முக்க வேண்டும். கை வேகாவிட்டால் அவர் குற்றமற்றவர். சாட்டியவர் எதையும் காட்ட வேண்டியதில்லை, மறுப்பவர் கைதான் வேகும். திருவிதாங்கூரின் சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் அது ஒழிக்கப்பட்டது. இன்றைய சட்டம் நேர் எதிர். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 104-ஆம் பிரிவு, 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 101-ஆம் பிரிவில் இருந்ததையே சொல்கிறது: ஒன்றை உண்டு என்று சொல்லி அதன்மேல் தீர்ப்புக் கேட்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும்.

இதே விதி உங்களையும் கட்டும். நீரோட்டம் பார்த்தவர் சேவையில் குறை என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், அவர் என்ன உறுதி சொன்னார், என்ன வந்தது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்த சேவைக்குப் புகார்க் கட்டணம் இல்லை. இலவசமாகச் செய்த சேவை அந்தச் சட்டத்துக்குள் வராது, ஆகவே "காணிக்கையா எதாவது வைங்க" என்று வெற்றிலையில் வாங்கப்பட்ட பணத்தைக் கட்டணம் என்று காட்டுவது கடினம். தொகை, தேதி, கட்ட எண், சொன்ன ஆழம், சொன்ன நீரளவு, பலிக்காவிட்டால் பணம் திரும்புமா என்ற ஆறும் ஒரே தாளில் கையெழுத்தோடு இருக்கட்டும். எழுதித் தர மறுத்தால் அவரை நம்பித் துளைக்க வேண்டாம்.

மாற்றாகச் சொல்லப்படும் மின்தடை ஆய்வுக்கும் சலுகை கிடையாது. நான்கு இரும்பு முளைகளை வரிசையாக அடித்து, வெளி இரண்டில் மின்னோட்டம் செலுத்தி, உள் இரண்டில் மின்னழுத்தத்தை அளப்பார்கள். முளைகளின் இடைவெளி கூடக்கூட ஆழத்தின் செய்தி கிடைக்கும். கருவி நீரைப் பார்ப்பதில்லை, மின்தடையைத்தான் பார்க்கிறது. களிமண்ணும் உப்புநீரும்கூடத் தடையைக் குறைக்கும், அதனால் குளச்சல், மணக்குடி, ராஜாக்கமங்கலம் போன்ற கடலோரப் பகுதிகளில் "நல்ல நீர்" என்ற அறிக்கையை உவர்ப்புக்கும் சேர்த்துச் சந்தேகிக்க வேண்டும். ஆழம் பார்க்க நீண்ட கோடு வேண்டும். நூறு மீட்டர் அரைக்கோடு என்றால் இருநூறு மீட்டர் நேர்கோட்டில் கம்பி இழுக்க இடம் வேண்டும். ஐந்து சென்ட் மனைக்குள் நின்றுகொண்டு முந்நூறு அடி ஆழத்தைச் சொல்கிறவர் கருவியை வைத்துச் சொல்லவில்லை. கம்பி வேலியும் புதைந்த இரும்புக் குழாயும் அளவைக் கெடுக்கும். வரைபடத்தைக் கேளுங்கள், எண்களைக் கேளுங்கள். இதோடு சுற்றியுள்ள கிணறுகளில் சித்திரை, வைகாசியில் நீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்ற தகவலையும் சேர்த்தால், என் கணிப்பில் எந்தக் கோலையும்விடப் பயன் அதிகம்.

வாக்கு பலித்ததா என்று பார்க்க "இஞ்ச்" கணக்கையும் புரிந்துகொள்ள வேண்டும். போர் முடிந்ததும் வி வடிவ வெட்டுள்ள தகட்டின் வழியே நீரை விட்டு, வெட்டில் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளப்பதுதான் அது. 90 பாகை வெட்டில் ஓர் இஞ்ச் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8½ லிட்டர். இரண்டு இஞ்ச் என்றால் அதன் இருமடங்கு அல்ல, ஐந்தரை மடங்குக்கும் சற்று மேல், அதாவது 48 லிட்டர். ஆகவே ரெண்டு இஞ்ச் என்று சொன்ன இடத்தில் ஒன்றரை வந்தால் கால் பங்கு குறைவு என்று நினைத்துவிடாதீர்கள், பாதிதான் வந்திருக்கிறது. கம்ப்ரசர் காற்று தள்ளும் முதல் சில நிமிட வேகத்தை அளவாகக் கொள்ளக் கூடாது. பம்பு இறக்கிய பின் சில மணி நேரம் ஓடவிட்டு, 20 லிட்டர் வாளி எத்தனை நொடியில் நிறைகிறது என்று பாருங்கள். அறுபது நொடி என்றால் மணிக்கு 1200 லிட்டர்.

புகை மட்டும் வந்த துளையை மூடுவதற்கு முன் ஆழம், கேசிங் நீளம், தேதி, யார் காட்டிய இடம் என்பதை எழுதிப் படமும் எடுத்து வையுங்கள், பக்கத்து மனைக்காரருக்கு, பார்த்தும் வராதவை என்ற அந்த இரண்டாவது எண் தேவைப்படும். பிறகு தாமதிக்காமல் அடைக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 2010-ல் வகுத்த நெறிப்படி, கைவிடப்பட்ட துளையை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல், துளைத்து வந்த தூள் எதையாவது கொண்டு முழுக்க நிரப்ப வேண்டும். வாயில் சாக்கைத் திணித்து மேலே ஒரு கல்லை வைப்பது அடைத்ததாகாது.